எனக்கே வேண்டியிருந்த கார்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கொஞ்ச நாளில் ஒருவர் உங்களைத் தேடி வருவார். பிரேக் திருத்த வந்தவராக இருக்கலாம், கோவிலில் பக்கத்தில் நின்று கும்பிட்டவராகவும் இருக்கலாம். "பழைய அமெரிக்கன் மசில் கார் ஒண்டு வாங்கி நானே திருத்தி ஓடப் போறன். முதல்தரம் செய்யிறவனுக்கு எது நல்லது?" என்று கேட்பார். சாதாரண உடம்புக்குள் அளவுக்கு மீறிய எஞ்சினை வைத்துச் செய்த அந்த இரண்டு கதவுக் கார்களை நீங்களும் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

அவர் கேட்டதும் கார்ப் பெயர்களை அடுக்கத் தொடங்காதீர்கள். முதலில், "ஆற்ற காரைப் பாத்திட்டு வாறியள்?" என்று கேளுங்கள். யாருடைய கார் என்று தெரிந்த பிறகு மிச்சத்தைக் கதைக்கலாம்.

ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாதைக்குக் கீழே, வளைவுக்குள் இருந்தது என் கராஜ். 2009ஆம் ஆண்டு கோடையில் பாஸ்கரன் அங்கே வந்தான். இல்ஃபோர்ட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தவன். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவன். அவனுடைய டெலிவரி வான் வண்டியைத் திருத்துவது நான்தான். அந்த வருடம் எங்கள் ஆட்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஊரில் சண்டை முடிந்த செய்தியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன பலர் கைக்கு ஏதாவது வேலை கிடைத்தால் போதும் என்று அலைந்தார்கள். பாஸ்கரனும் அப்படித்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"அண்ணை, ஒரு பழைய அமெரிக்கன் கார் எடுத்துத் திருத்துவம் எண்டு நினைக்கிறன்."

"ஆற்ற காரைப் பாத்தனீ?"

அவன் முகம் கறுத்தது. "சகலன் நாதன்ர."

நாதன் தோர்ண்டன் ஹீத்தில் இருந்தான். பாஸ்கரனுடைய மனைவியின் தமக்கையைக் கட்டியவன். வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் நன்றாக வந்தவன். யாரோ முழுதாகத் திருத்தி வைத்திருந்த சிவப்புக் கார் ஒன்றை வாங்கி, ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். எல்லாரும் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். பாஸ்கரனுடைய மனைவியும் எடுத்தாள். திரும்பி வரும்போது பாஸ்கரனின் மகன், "நான் பெரியப்பாவோட வாறன்" என்று அந்தக் காரில் ஏறிவிட்டான்.

"நான் பின்னால வானில போனன் அண்ணை. வெங்காய மணம் மாறாத வான். முன்னால அந்தச் சத்தம். அவன்ர வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டு போனன்."

"சரி. இப்ப என்ன வேணும்?"

"அவன்ரயை விடப் பெரிசு வேணும்."

இப்படி வருகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பொறாமை நல்ல பெட்ரோல். வெறும் ஆசையோடு வந்த எத்தனையோ பேர் முதல் குளிர்காலத்திலேயே காரைத் துணியால் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பொறாமையோடு வந்தவன் மழையிலும் வந்து நிற்பான். ஆனால் காரைத் தெரிவு செய்கிற வேலையை மட்டும் அதனிடம் விடக் கூடாது.

பாஸ்கரனிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதல் கார் அதிகம் பேர் வைத்திருக்கிற காராக இருக்கட்டும். அபூர்வமான கார் என்றால் ஒரு கதவுக் கைபிடிக்காக ஊரெல்லாம் தேடுவாய். எஞ்சினைப் பார்த்து மயங்காதே, எஞ்சினைக் கழற்றி மேசையில் வைத்துத் திருத்தலாம், துருவேறிக் கறள் பிடித்த தரையை அப்படிச் செய்ய ஏலாது. கூரை திறக்கிற கார் வேண்டாம். துண்டு துண்டாகப் பெட்டிக்குள் கிடக்கிற கார் வேண்டவே வேண்டாம். ஓடுகிற, முழுதாக இருக்கிற, பார்க்கச் சோம்பலான காராகப் பார்.

எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய கார் இதில் ஒன்றுக்கும் பொருந்தவில்லை.

ரொம்ஃபோர்ட்டுக்கு அப்பால் ஒரு முற்றத்தில் நின்றது அது. கண்ணாடி போலக் கறுப்பு. எஞ்சின் பொனற் மூடிக்குள் அடங்காமல் மேலே எட்டிப் பார்த்தது. விற்கிறவன் ஸ்டார்ட் செய்தபோது நிலம் அதிர்ந்தது. பாஸ்கரன் என்னை மறந்துவிட்டான்.

நான் லேஞ்சித் துணிக்குள் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றிக் காரின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தேன். கூரையில் பிடித்தது. கதவுகளுக்குக் கீழே பிடிக்கவில்லை. பின்சில்லு ரயருக்கு மேலே பிடிக்கவில்லை. அங்கெல்லாம் தகரம் இல்லை, பட்டி பூசி நிரப்பி அதற்கு மேலே அழகாகப் பெயின்ற் அடித்திருந்தார்கள். பாஸ்கரனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"இது கார் இல்லை தம்பி. காரின்ர படம். விடு."

"பட்டி பூசாத பழைய கார் எங்க அண்ணை இருக்கு?"

"கொஞ்சம் பூசினா பரவாயில்லை. இதில பட்டியைத் தட்டி விட்டா மிஞ்சிறது ஒண்டுமில்லை."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் இப்பிடி ஒரு கார் வைச்சிருக்கிறது உங்களுக்கு விருப்பமில்லைப் போல கிடக்கு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கறுப்புக் காரை எனக்குச் சும்மா தந்தாலும் வேண்டாம். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? காந்தத்தை அவன் கையில் வைத்து, "நீயே வைச்சுப் பார்" என்றேன். அவன் வைத்தான். கதவுக்குக் கீழே காந்தம் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தான். அங்கேயும் விழுந்தது. வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். ஆனால் வாங்கவும் இல்லை.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கோபப்பட்டால் விளக்கத்தை நீட்டாதீர்கள். சாமானை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கார் எப்பிங் பக்கம் இருந்தது. விளம்பரத்தைப் பார்த்துச் சொன்னவன் நான்தான். விற்கிறவர் ஒரு வெள்ளைக்கார அம்மா, புருசன் செத்துச் சில மாதம். வீட்டோடு சேர்ந்த கராஜின் கதவைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை.

"உங்களுக்கு ஒன்று தெரியுமா?" என்றார். "ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அந்த மனிதர் கேட்டது, கராஜ் கதவைப் பூட்டினாயா என்றுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்றைக்கே இதை யாராவது கொண்டு போய்விட வேண்டும். மத்தியானம் ஒரு வியாபாரி வருகிறான். நீங்கள் முடிவு சொல்லாவிட்டால் அவனிடம் கொடுத்துவிடுவேன்."

காரைப் பார்க்கிறபோது அவர் பார்த்த பார்வை, ஒரு பெண் தன் சக்களத்தியைப் பார்க்கிற பார்வை.

துணியை விலக்கினேன். வாடிப்போன பச்சை நிறம். சீற்றுகள் கிழிந்திருந்தன. எஞ்சினும் எட்டுச் சிலிண்டரில் சின்ன வகைதான். பாஸ்கரன் உதட்டைப் பிதுக்கினான். நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன்.

அடியில் அப்படி ஒரு காரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த மனிதர் வருடா வருடம் எண்ணெய் பூசியிருக்கிறார். தட்டினால் மணி போலக் கேட்டது. சின்னச் சின்ன ஆணிகள்கூடக் கொம்பனி போட்டபடியே இருந்தன. அப்படியே படுத்துக்கிடந்தேன். என் வயிறு எரியத் தொடங்கியது.

அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய கார்களை அழகாக்கியவன் நான். எனக்கென்று இருந்ததெல்லாம் வான்தான், ஏணி கட்டிய வான். பிள்ளைகளின் படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் முடியட்டும் என்று ஒவ்வொரு கிழமையும் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். நான் தேடியது இந்தக் கார்தான். என் மூக்குக்கு மேலே இருந்தது. அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற ஒருவனுக்கு நான் இதை வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.

காருக்கு வெளியே பாஸ்கரனின் சப்பாத்துகள் தெரிந்தன.

"அண்ணை, எப்பிடி? கறளோ?"

அந்த ஒரு சொல்லை அவனே எடுத்துத் தந்துவிட்டான். "ஓம்" என்றால் முடிந்தது. அவன் போயிருப்பான். அந்த அம்மாவின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. மத்தியானத்துக்கு முன்னால் நான் திரும்பி வந்திருக்கலாம். கறுப்புக் காரை வேண்டாம் என்று சொன்னபோது என்மேல் சந்தேகப்பட்டவன், காந்தம் விழுந்ததைக் கண்ட பிறகு, இந்தக் காருக்கு வேண்டாம் என்று சொன்னால் சந்தேகமே படமாட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் சொல்லை நம்புகிற நேரம் பார்த்துத்தான் என் சொல் பழுதாகியிருந்தது.

"அண்ணை?"

நான் வெளியே வந்து எழும்பி நின்றேன். கையைத் துடைத்தேன். அந்த அம்மா கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்கரன், இந்தக் காரைப் பற்றி என்னைக் கேளாதை" என்றேன்.

"ஏன்? அவ்வளவு மோசமோ?"

"எனக்கு இது வேணும். உள்ளுக்குப் படுத்திருக்கேக்கை உன்னில எரிச்சலா வந்தது. இப்பவும் எரிச்சலாத்தான் இருக்கு. அதால நான் சொல்லுற ஒண்டையும் நீ நம்பாதை. டோர்ச்சைப் பிடி. நீயே கீழ போய்ப் பார்."

ஞாயிற்றுக்கிழமை என்று வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தான். டோர்ச்சை வாங்கி அந்தச் சேர்ட்டோடு சீமெந்தில் படுத்து உள்ளே போனான். பிறகு தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு இடம், இன்னொரு இடம், மற்ற மூலை. இடம் இடமாகப் பார்ப்பது ரொம்ஃபோர்ட்டில் காந்தத்தோடு கற்றுக்கொண்டது.

வெளியே வந்தபோது அவன் முகத்தில் எண்ணெய் ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கே வயிறு எரியுதெண்டா, நான் இதை விட்டா விசரன் அண்ணை."

அந்த அம்மாவிடம் போய்க் கையைக் கொடுத்தான். அவர் பெருமூச்சு விட்டு, "நல்லது. இனி இது உங்கள் மனைவியின் பாடு" என்றார்.

காரை என் கராஜின் கடைசி மூலையில் நிறுத்தினோம். கடை பூட்டுகிற ஞாயிறு பின்னேரங்களில் பாஸ்கரன் வருவான். நான் சொல்லிக் கொடுப்பேன், அவன் செய்வான். ஜெர்மனியில் தொழிற்சாலையில் நின்றவன், கை ஒழுங்காக வேலை செய்தது. மற்ற நாட்களில் அந்தக் கார் எனக்குப் பின்னால் நிற்கும், நான் யாருடையவோ புகைக்குழாயைக் கழற்றிக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். முழுதாகப் பழகவில்லை.

குளிர்காலத்தில் நாதன் ஒருநாள் வந்தான். காரைச் சுற்றி வந்து, "எவ்வளவு பெரிய எஞ்சின்?" என்று கேட்டான். பாஸ்கரன் சொன்னான். "ஓ, சின்னன்" என்றான் நாதன். அவ்வளவுதான். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு பாஸ்கரன் வேலைக்குரிய உடுப்போடு வரவில்லை. கையில் ஒரு படம் இருந்தது.

"அண்ணை, இந்த எஞ்சினைக் கழட்டி எறிவம். இதைப் போடுவம். நாதன்ரயைவிட இது பெரிசு."

அந்த எஞ்சினைப் போடுவதென்றால் கியர்ப்பெட்டி மாற வேண்டும், பின் அச்சு மாற வேண்டும், பிரேக் மாற வேண்டும், முன்பக்கத்தை வெட்ட வேண்டும். முதல்தரம் செய்கிறவனுடைய கார் அந்த இடத்தில்தான் சாகும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். வெட்டின தகரத்தோடு ஒரு மூலையில் நிற்கும், பிறகு துணி போர்த்தும், பிறகு ஒருநாள் சொந்தக்காரன் வந்து, "ஆரும் கேட்டா குடுத்துவிடுங்கோ" என்பான்.

அந்த "ஆரும்" யாராக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது என் கராஜில்தான் நிற்கிறது. வேலை செய்யத் தெரிந்தவன் நான். பாஸ்கரன் வெட்டச் சொல்கிறான், வாடிக்கையாளர் சொன்னதைச் செய்வது என் தொழில். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, தலையாட்டினால் போதும். எப்பிங்கில் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே அதுகூட வேண்டாம்.

அதனால்தான் இதை உங்களுக்கு விரிவாகச் சொல்கிறேன். இப்படியான நேரத்தில் யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள்.

"சரி, கழட்டுவம்" என்றேன். "அதுக்கு முதல் ஒருக்கா இதை ஓட்டிப் பார். பிரேக் வேலை முடிஞ்சுது. ரோட்டில ஓட விடுற எம்.ஓ.டி. சோதனையும் முடிஞ்சுது. காப்புறுதியும் போட்டிருக்கிறாய். கழட்டுற எஞ்சின் எப்பிடி ஓடினது எண்டு தெரிய வேண்டாமோ?"

அவனுக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஏறினான். அமெரிக்கக் கார் என்றபடியால் ஸ்டேரிங் இடதுபக்கம். ஜெர்மனியில் ஓடினவனுக்கு அது பழக்கம். நான் வலதுபக்கம் ஒரு மரப்பெட்டியில் இருந்தேன், அந்தச் சீற் இன்னும் வரவில்லை. வொன்ஸ்டெட் வெளியைச் சுற்றிப் போனோம். மழை விட்டிருந்தது. முதல் வளைவில் அவன் தோள் இறுகி இருந்தது. இரண்டாவது வளைவில் இளகியது. நேர் ரோட்டில் மெல்ல மிதித்தான். அந்த எஞ்சின் உறுமவில்லை, தொண்டையைச் செருமிவிட்டு எழும்பி நடப்பது போலப் போனது. நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு கிழவர் நின்று தொப்பியைத் தூக்கினார். பாஸ்கரன் பதிலுக்குக் கையைத் தூக்கினான், பெரிய மனிதர் போல.

கராஜுக்குத் திரும்பி எஞ்சினை நிறுத்தினான். இறங்கவில்லை.

"இது காணும் அண்ணை."

"நாதன்?"

"நாதன் கேட்டா கேக்கட்டும்."

அந்த எஞ்சின் படம் தரையில் விழுந்து கிடந்தது. அவன் எடுக்கவில்லை. நான் எடுத்துக் குப்பை வாளிக்குள் போட்டேன். மனதில் பெரிய சந்தோசம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கார் என் கையை விட்டு இரண்டாவது தரமும் போய்விட்டது, அதையும் நானே தள்ளிவிட்டேன் என்றுதான் இருந்தது. சரியான ஆலோசனை சொன்னால் மனசு குளிரும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அவர்கள் சும்மா சொல்கிறார்கள்.

அடுத்த வசந்தத்தில் வேலை முடிந்தது. பச்சையைப் பச்சையாகவே விட்டோம், புதிதாக அடித்தோம். தோர்ண்டன் ஹீத்துக்குப் போக வேண்டும் என்றான் பாஸ்கரன். "நீங்களும் வாங்கோ அண்ணை." ஆற்றுக்குக் கீழே போகும் பிளக்வோல் சுரங்கப்பாதைக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டான். அந்தச் சத்தம் சுவரெல்லாம் பட்டுத் திரும்பி வந்தது.

நாதன் வாசலுக்கு வந்தான். நான் பாஸ்கரனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நிமிடத்துக்காகத்தானே அவன் அந்தக் குளிரெல்லாம் சீமெந்தில் படுத்தவன். நாதன் காரைச் சுற்றி வந்தான். பொனற்றைத் திறக்கச் சொன்னான். குனிந்து பார்த்தான்.

"ஆர் செய்தது?"

"நான்தான். அண்ணை நிண்டு ஏசினவர்."

"பிரேக்கும்?"

"பிரேக்கும்."

நாதன் பாஸ்கரனின் கைகளைப் பார்த்தான். நகத்துக்குள் கறுப்பு, ஒரு விரலில் பழைய வெட்டு. பிறகு தன் சிவப்புக் காரைப் பார்த்தான். ரோட்டின் மற்றப் பக்கம் மினுங்கிக்கொண்டு நின்றது.

"என்ரயில ஒரு மாதமா ஏதோ ஒரு சத்தம் கேக்குது" என்றான் மெல்ல. "கராஜில குடுத்தா ஒவ்வொருத்தன் ஒவ்வொண்டு சொல்லுறான். எனக்கு விளங்கேல்லை. ஆரிட்டையும் கேக்கவும் வெக்கமா இருக்கு."

பாஸ்கரன் ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். "ஓ, சின்னன்" என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் சேர்ட் கையை மடித்தான்.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ அத்தான், கேப்பம்."

சகலனை அவன் அத்தான் என்று கூப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இரண்டு பேரும் சிவப்புக் காரின் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து அக்காவும் தங்கையும் தேத்தண்ணீரோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. என் உதவி தேவைப்படவில்லை. அதுவும் கொஞ்சம் எரிந்தது.

திரும்பும் வழியில் சுரங்கத்துக்கு முன்னால் பாஸ்கரன் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"ஓட்டுங்கோ அண்ணை."

"எனக்கு வேண்டாம்."

"கராஜ்காரருக்கு எல்லாக் காருக்கும் காப்புறுதி இருக்குத்தானே. ஓட்டுங்கோ."

"பாஸ்கரன், நான் உனக்கு எப்பிங்கில சொன்னது பகிடி இல்லை. இண்டைக்கும் அப்பிடித்தான்."

"தெரியும்" என்றான். "ஒவ்வொரு ஞாயிறும் உங்கட முகத்தைப் பாத்தனான். அப்பிடி இருந்தும் ஒரு ஆணிகூடப் பிழையாப் பூட்ட விடேல்லை நீங்கள். ஏறுங்கோ."

ஏறினேன். சீற்றைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தேன். அவ்வளவு நாளும் அது நான் நினைத்த அளவுக்கு நல்ல காராக இருக்காது என்று ஒரு சின்ன நம்பிக்கை எனக்குள் இருந்தது. ஓட்டிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், இந்த வயிற்றெரிச்சலும் அடங்கிவிடும் என்று.

ஃபாரஸ்ட் கேட் வரைக்கும் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. நான் பயந்ததைவிட நல்ல கார் அது. கராஜ் வாசலில் எஞ்சினை நிறுத்தி, திறப்பை உருவிப் பாஸ்கரனிடம் கொடுத்துவிட்டு, அவன் திருப்பிக்கொண்டு போகிறவரைக்கும் ரோட்டில் நின்று பார்த்தேன். பிறகு உள்ளே போய், அடுத்த நாள் வேலைக்கு வந்து நின்ற யாருடையவோ வானின் பொனற்றைத் திறந்தேன்.